அடுப்பு மூட்டாத காப்பி

1

இன்று காலை ஒன்பதுக்குக் கட்டைமணி அடித்துவிட்டார்கள். இன்சீன் வாசிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். மாசி பிறந்து காற்று வறளத் தொடங்கினால் எங்கள் பேட்டையில் பகலில் யாரும் அடுப்பு மூட்டக்கூடாது. தெருமுனையில் ஒரு குடைந்த மரக்கட்டை தொங்குகிறது. எங்கள் பத்து வீட்டுக்குத் தலைவராக இருக்கும் பர்மாக்காரர் காலை ஒன்பதுக்கு அதைத் தட்டுவார். மாலை ஐந்துக்கு மறுபடியும் தட்டுவார். இரண்டு தட்டலுக்கும் நடுவில் சோறாக்கக்கூடாது, வெந்நீர் வைக்கக்கூடாது, சுருட்டுப் பற்றவைப்பதானாலும் வாசலில் நின்று தண்ணீர்த் தொட்டி பக்கத்தில்தான் பற்றவைக்க வேண்டும். வைகாசியில் மழை விழும் வரை இதே கதைதான்.

ரங்கூன் என்றால் தேக்கு மாளிகையில் ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறோம் என்று ஊரில் பலருக்கு நினைப்பு. என் சின்னம்மா மகள் ஒருத்தி, "உங்க வீட்டு மாடியிலேர்ந்து கப்பல் தெரியுமா?" என்று கடிதம் எழுதினாள். நாங்கள் இருப்பது ரங்கூனுக்கு வடக்கே இன்சீனில், ரயில் பட்டறைக்குப் பின்னால். மூங்கில் தட்டிச் சுவர், மேலே நீர்ப்பனை ஓலைக் கூரை. நம் தென்னங்கீற்றையாவது பற்றவைக்க நெருப்புக்குச்சி வேண்டும். இந்த ஓலை சித்திரை வெயிலில் கிடக்கும்போது, யாராவது கோபமாகப் பார்த்தாலே பற்றிக்கொள்ளும் போலிருக்கும்.

நான் சென்ற வருஷம் இந்தப் பத்திரிகைக்கு எழுதிய ஊறுகாய்க் குறிப்பைப் பார்த்துவிட்டு, பத்திராதிபர் அவர்கள், "கோடைக்கு ஏற்ற பானம் ஒன்று எழுதுங்கள் அம்மா" என்று கேட்டிருந்தார். என்னிடம் அப்படி ஒன்றுதான் இருக்கிறது. தீயே தொடாமல் செய்கிற காப்பி. அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மணி அடித்தது. அடித்ததும் சென்ற வருஷம் இதே காலத்தில் என் அண்ணன் வந்துபோனது நினைவுக்கு வந்து, பேனா அந்தப் பக்கம் போய்விட்டது. குறிப்பும் எழுதுகிறேன். மற்றதையும் எழுதுகிறேன்.

2

நான் கப்பலேறி வந்து பதினேழு வருஷமாகிறது. யுத்தம் மூள்வதற்கு இரண்டு வருஷம் முன்பு, என் பெண் பாக்கியத்தை ஆறு மாதக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் பட்டறையில் சாமான்களைப் பதிவு செய்யும் குமாஸ்தா. அவர் நல்லவர். அதிகம் பேசமாட்டார். பேசவேண்டிய இடத்திலும் பேசமாட்டார்.

இந்த ஊரில் எனக்குப் பெரிய சிரமம் தந்தது பாஷை இல்லை, பரிசோதனைதான். ஒவ்வொரு கோடைக்கும் தொடக்கத்தில் சர்க்கார் சிப்பந்தி ஒருவர் கையில் பேரேடுடன் வருவார். எரியும் ஓலையைப் பிடுங்கி இழுக்க வீட்டு முகப்பில் நீள மூங்கிலில் ஒரு கொக்கி, நெருப்பை அடிக்க ஒரு தட்டி, கூரைமேல் தண்ணீர்ப் பானைகள், அடுப்படியில் இரண்டு மணல் பை. இவை ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். முதல் வருஷம் அவர் வந்தபோது கொக்கியில் என் புடைவை காய்ந்துகொண்டிருந்தது. கூரைப் பானை ஒன்றில் எலுமிச்சங்காய் ஊறிக்கொண்டிருந்தது. மணல் பையில் பாதியை எடுத்து நான் கடலை வறுத்திருந்தேன். அவர் நெடுநேரம் அந்தக் கடலையைப் பார்த்தார். பிறகு ஒரு பிடி அள்ளித் தின்றுவிட்டு அபராதம் எழுதினார்.

இன்னொரு வருஷம், "எத்தனை அடுப்பு?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பர்மீயத்தில் பெருமையாக இரண்டு என்றேன். சமையலுக்கு ஒன்று, வெந்நீருக்கு ஒன்று. அவர் இரண்டு குடும்பம் என்று எழுதிக்கொண்டுவிட்டார். நாலு வருஷம் நாங்கள் காகிதத்தில் இரண்டு குடும்பமாக வாழ்ந்தோம். அதைத் திருத்த என் வீட்டுக்காரர் மூன்று கச்சேரி ஏறி இறங்கினார். "ரெண்டாவது பொண்டாட்டி எங்கேன்னு கேக்குறாங்க அஞ்சலை" என்று வந்து சொன்னார். அவர் வாழ்நாளில் சொன்ன வேடிக்கைப் பேச்சு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட இடங்களிலெல்லாம் பாக்கியம்தான் எனக்கு வாய். ஏழு வயதிலேயே என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்து சிப்பந்தியிடம் பர்மீயத்தில் வாதாடுவாள். எனக்குப் பெருமையாக இருக்கும். அவள் தூக்கத்திலும் அந்தப் பாஷையில்தான் பேசுகிறாள் என்று ஒருநாள் தெரிந்தபோது பெருமை கொஞ்சம் குறைந்தது.

3

இனி காப்பி.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை, தவறிப் பிறந்தது. ஒரு மாசி மாதம், முதல் நாள் மணி என்றைக்கு என்று தெரியாமல் இருந்துவிட்டேன். ஜாடியில் காப்பிப்பொடியைப் போட்டுவிட்டு வெந்நீருக்கு விறகை எடுக்கிறேன், கட்டை தட்டுகிற சத்தம் கேட்கிறது. பொடியைத் திரும்ப டப்பாவில் கொட்ட மனமில்லை. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த கொட்டை, என் கையால் வறுத்தது. ஏதோ ஒரு ஆத்திரத்தில் பானைத் தண்ணீரையே அதன் தலையில் ஊற்றி மூடிவைத்தேன். மாலை ஐந்துக்கு மணி அடித்ததும் கொட்டிவிடப் போனவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கசப்பு இல்லை. தொண்டையில் கரகரப்பு இல்லை. காப்பியின் வாசம் மட்டும் நாக்கில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

பதினைந்து கோடை செய்து பார்த்ததில் தெரிந்துகொண்டவை இவை. கொட்டையை வழக்கமாக வறுப்பதைவிட ஒரு பதம் குறைவாக வறுக்க வேண்டும். கருகவிட்டால் தண்ணீர் கருக்கைத்தான் குடிக்கும். பொடியை மையாக அரைக்கக்கூடாது. உரலில் இட்டு ரவை பதத்துக்கு இடித்தால் போதும். ஒரு பங்கு பொடிக்கு ஐந்து பங்கு தண்ணீர். புதுப் பானை வேண்டாம், மண் வாசம் ஏறும். பீங்கான் ஜாடி நல்லது. இரவு படுக்கப் போகுமுன் ஊறப்போட்டு, ஜாடியை ஈரமணலில் பாதி புதைத்து, வாயில் துணி கட்டிவிட்டால் காலை மணி அடிக்கும் நேரத்துக்கு டிகாக்ஷன் தயார். மத்தியானம் வரை ஊறினாலும் மோசமில்லை. அதற்கு மேல் போனால் மரப்பட்டை வாசம் வந்துவிடும்.

வடிகட்டுவதில்தான் எல்லோரும் தோற்றுப்போகிறார்கள். மெல்லிய மல்துணியை இரண்டாக மடித்துக் கட்டி ஊற்றிவிட்டு, பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டுத் துணியைப் பிழிந்தால் அடியில் இருக்கும் கசப்பெல்லாம் சேர்ந்து இறங்கும். நமக்கோ எதையும் பிழியாமல் விட்டால் மனம் ஆறாது. நானே இரண்டு கோடை பிழிந்து கெடுத்திருக்கிறேன்.

பாலைக் காலை மணிக்கு முன்பே காய்ச்சி, தண்ணீர்த் தாம்பாளத்தில் நிறுத்தி ஆறவைக்க வேண்டும். பால் கிடைக்காத நாளில் டின் பாலே போதும். அதை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக்கொண்டு பிறகு காப்பியில் சேர்க்க வேண்டும், நேரே ஊற்றினால் அடியில் பசையாகத் தங்கும். பட்டணத்திலிருந்து மரத்தூளில் சுற்றி ஐஸ் வாங்கி வரலாம். ரயிலிலேயே பாதி உருகிவிடும். நாங்கள் விசேஷ நாளில் மட்டும் வாங்குவோம்.

பேட்டையில் என் காப்பிக்குப் பெயர் பரவியது. பத்து வீட்டுத் தலைவர் ஊ பா மௌங், ஒன்பது மணிக் கட்டையைத் தட்டிவிட்டு நேரே என் வாசலுக்குத்தான் வருவார். அவருடைய பெண் மா மியாவும் பாக்கியமும் ஒரே வகுப்பு. இரண்டும் ஒரே குவளையில் குடித்துவிட்டு, தோளில் தோள் உரசிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்.

என் வீட்டுக்காரரை மட்டும் இந்தக் காப்பிக்கு வசப்படுத்த முடியவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா பகல்ல அடுப்பு அணைஞ்ச வீட்டுல குடிக்கிறப்ப ஏதோ எழவு வீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்பார். எனக்கும் அந்த நெருடல் உண்டு. நம்மில் பிணம் கிடக்கும் வீட்டில்தான் அடுப்பு எரியாது. வருஷத்தில் மூன்று மாதம், ஊர் முழுக்கப் பட்டப்பகலில் புகையில்லாமல் கிடப்பதைப் பார்த்துப் பழக எனக்குப் பல வருஷம் பிடித்தது.

4

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பங்குனி மத்தியானம், அடுத்த வரிசையில் யாரோ அடுப்பு மூட்டினார்கள். யார் என்பது பேட்டைக்கே தெரியும், யாரும் சொல்வதில்லை. காய்ச்சலில் கிடந்த குழந்தைக்குக் கஞ்சியைச் சூடு பண்ணத்தான் மூட்டினார்கள். அரைநாழிகை நேரத்தில் அந்த வரிசை முழுவதும் போயிற்று.

ஊ பா மௌங் தெருமுனையில் நின்று கட்டையை இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்தார். ஆபத்து என்றால் அப்படி அடிக்க வேண்டியது அவர் வேலை. அவர் வீடும் அந்த வரிசையில்தான். மா மியா வெளியே வந்துவிட்டாள். பிறகு எதையோ எடுக்க மறுபடி உள்ளே போனாள். எதை என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. பாக்கியம் தண்ணீர் கைமாற்றும் வரிசையில், அந்த வீட்டுக்கு எதிரே நின்றிருந்தாள். கூரை இறங்குவதை அவள் பார்த்தாள். மா மியாவின் அப்பா அடிக்கும் மணி மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஆறு மாதம் பாக்கியம் அதிகம் பேசவில்லை. பேசியதும் பர்மீயத்தில். நான் தமிழில் கேட்டால் தலையை ஆட்டுவாள். கோடை வந்தால் மணல் பைகளை அவளே நிரப்புவாள், தினமும் கையைவிட்டுக் கட்டி தட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். நான் அதைப் பொறுப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பெற்றவளுக்குப் பிள்ளையின் பயம்கூடத் தெரியாமல் போகும் என்பதற்கு நானே சாட்சி.

5

என் அப்பாவும் அம்மாவும் நான் இங்கே இருக்கும்போதே போய்விட்டார்கள். எனக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியது அண்ணன் ஒருவர்தான். பாக்கியம் பிறந்தபோது தொட்டிலுக்கு மேல் குனிந்து, "இது என் வூட்டுக்கு வர்ற மருமக" என்று சொல்லி வளையல் போட்டவர். அவர் மகன் நடேசனுக்கு அவள் என்று அன்றே பேச்சு. கப்பலேறின நாளிலிருந்து நான் அந்தப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பெண் அங்கே போய்விட்டால், அவளைப் பார்க்கும் சாக்கில் நானும் போகலாம். சாவதற்கு முன் போய் இறங்க எனக்கென்று ஒரு வாசல் இருக்கும். ஒளிக்காமல் சொல்கிறேன், அவள் கல்யாணத்தில் அவளைவிட எனக்குத்தான் ஆசை.

சென்ற வருஷம் அண்ணன் கடிதம் போட்டார். தானே வந்து பரிசப் புடைவை வைத்து, திரும்பும் கப்பலிலேயே பெண்ணை அழைத்துப்போவதாக எழுதியிருந்தார். நான் பெட்டியைத் திறந்து அவள் துணிகளை அடுக்கினேன். பாக்கியம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா, அங்க பகல்ல அடுப்பு எரியுமா?"

"எரியாம? நாள் பூரா எரியும்டி. உங்க அத்தை வீட்டுல அடுப்பே அணையாது" என்றேன், பெருமையாக. நான் பெட்டியை மூடினேன்.

அண்ணன் வருகிற நாளை நன்றாகக் கணக்குப் போட்டிருந்தேன். கப்பல் மத்தியானத்துக்கு மேல்தான் துறை பிடிக்கும், டாக்டர் சோதனை முடிந்து ரயிலேறி வர மாலை ஆறாகும். அதற்குள் மணி அடித்துவிடும். கொதிக்கக் கொதிக்கக் காப்பியும் கேசரியும் தயாராக இருக்கும். ஆனால் கடல் ஓதத்தில் ஆற்று நீர் உயர்ந்திருந்ததால் கப்பல் விடியற்காலையிலேயே உள்ளே வந்துவிட்டது. மத்தியானம் ஒரு மணிக்கு என் அண்ணன் வாசலில் நிற்கிறார். தலை நரைத்துவிட்டது. முன்பல் ஒன்று இல்லை. நான் காலில் விழுந்தேன். அவர் என்னைத் தூக்கி, "எளைச்சுட்டியே தங்கச்சி" என்று அழுதார்.

என் வீட்டுக்காரர் பட்டறையில். வீட்டில் நானும் பாக்கியமும்தான். தட்டில் மஞ்சளும் பூவும் அரக்குப் புடைவையுமாக எடுத்துவைத்துவிட்டு அண்ணன் உட்கார்ந்தார். நான் ஜாடியிலிருந்து காப்பியை ஊற்றி, டின் பால் கலந்து, வெள்ளிக் குவளையில் கொண்டுவந்து வைத்தேன். பதினைந்து கோடை தேர்ந்த கை. பேட்டையில் இதற்கு ஈடில்லை என்று எனக்குக் கர்வம். அண்ணன் உதட்டில் வைத்தார். வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஆறிப்போயில்ல இருக்கு?"

"இங்க இப்படித்தான் அண்ணே. பகல்ல அடுப்பு மூட்டக்கூடாதுன்னு சட்டம்."

"சட்டமாவது! நல்ல காரியம் பேச வந்திருக்கேன். வந்தவனுக்கு ஆறின காப்பி, அணைஞ்ச அடுப்பு. இது என்ன எழவு வீடா?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னார். "ஒரு கொதி வச்சுக் கொண்டா தங்கச்சி. மங்களமா ஒரு வாய் குடிச்சுட்டு அப்புறம் பேசுவோம்."

பாக்கியம் கதவருகில் நின்றிருந்தாள். "மாமா, ஐஞ்சு மணிக்கு மூட்டலாம். அது வரைக்கும் இருங்க" என்றாள். திக்கித் திக்கித்தான் சொன்னாள், மரியாதையாகத்தான் சொன்னாள். அண்ணன் சிரித்தார். "புள்ளைக்கு நம்ம பேச்சே வரலையே" என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. அடுப்படிக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். குமுட்டி அடுப்பில் நாலு கரியைப் போட்டுப் பற்றவைத்து, காப்பிப் பாத்திரத்தை ஏற்றி விசிறினேன். ஒரு கொதிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். கஞ்சி சூடு பண்ணினவர்களும் இதைத்தான் நினைத்திருப்பார்கள்.

கரி ஈரம்போல. விசிற விசிறப் பொறி பறந்தது. ஒரு பொறி மேலே, ஓலைக்கு நேரே போயிற்று. போகும் வழியிலேயே அணைந்தும்விட்டது. அதை நான் பார்த்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்ற பாக்கியமும் பார்த்தாள்.

"மீ! மீ!" என்று கத்தினாள். பர்மீயத்தில் நெருப்பு. அந்த வேளையில் அவளுக்குத் தமிழ் வரவில்லை. மூலையிலிருந்த மணல் பையை இரண்டு கையாலும் தூக்கி அடுப்பின் தலையில் கவிழ்த்தாள். காப்பிப் பாத்திரம், கரி, குமுட்டி எல்லாம் மணலுக்குள் போயிற்று. நான் திரும்பி அவளை அறைந்தேன். அதற்கு முன் அவளை நான் அடித்ததேயில்லை.

அறைந்துவிட்டுத்தான் பார்க்கிறேன், கதவுப் பக்கம் அண்ணன் நிற்கிறார். அவர் பொறியைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்திய அந்த நெருப்பையும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது, தன் வீட்டுக்கு வரவேண்டிய பெண் எரிகிற அடுப்பில் மண்ணள்ளிப் போட்டதை.

நம்மவர்களுக்கு இது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குடும்பம் விளங்காமல் போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் அடுப்பில் மண் போடுவார்கள். வாயால் சொன்னாலே குலம் நடுங்குகிற பேச்சு அது. இங்கே அதைச் செய்யச் சொல்லித்தான் சர்க்கார் ஒவ்வொரு வீட்டிலும் மணலை வைக்கச் சொல்கிறது.

"என் கண்ணெதிர அடுப்புல மண்ணப் போடுதே" என்றார் அண்ணன். "பரிசத்தட்டு கூடத்துல இருக்கிறப்பவே போடுதே. அஞ்சலை, நான் எப்படி இத என் வூட்டுக்குள்ள விடுவேன்?"

நான் விளக்க வாயெடுப்பதற்குள் வாசலில் ஊ பா மௌங் வந்துவிட்டார். புகை வாசம் அவருக்கு முதலில் தெரியும். யாரையும் ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குள் வந்தார். முட்டிபோட்டு உட்கார்ந்து, மணலுக்குள் கையைவிட்டுத் துழாவினார். அடியில் ஒரு கங்கு உயிரோடிருந்தது. அதை விரலாலேயே எடுத்துத் தண்ணீரில் போட்டார். எழுந்து பாக்கியத்தின் சிவந்த கன்னத்தைப் பார்த்தார். அவள் தலைமேல் மணல் கையை வைத்தார். வந்த வழியே போய்விட்டார். அபராதம் எழுதிக் கொடுக்க வேண்டியவர் எழுதவேயில்லை.

அண்ணன் தட்டிலிருந்த புடைவையை மடித்துப் பையில் வைத்தார். மஞ்சளையும் பூவையும் விட்டுவிட்டார். ரங்கூனில் லான்மடா தெருவில் நம் ஊர்க்காரர் கடை ஒன்று இருக்கிறது, கப்பல் புறப்படும் வரை அங்கே தங்கிக்கொண்டார். மாலையில் என் வீட்டுக்காரர் போய்ப் பேசினார். அவர் பேசி எதுதான் நடந்திருக்கிறது?

6

கப்பல் புறப்படுகிற அன்று நான் தனியாகப் போட்டாதாங் பக்கத் துறைக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் அண்ணன் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. ஆங்காரம் பிடித்தவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கஷ்டம் இருந்திருக்காது.

"தங்கச்சி, உன்மேல எனக்குக் கோவமில்ல. நீ எப்ப வேணும்னாலும் வா. ஒன் வூடு அது. அந்தப் புள்ளைய மட்டும் கூட்டிக்கிட்டு வராத."

பதினாறு வருஷமாக அந்த 'வா'வைக் கேட்கத்தான் காத்திருந்தேன். கேட்டது இப்படி. அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சின்னப் புள்ள அண்ணே, தெரியாம செஞ்சுடுச்சு" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியேறினார். கப்பல் நகர்ந்து வெகுநேரம் வரை அங்கேயே நின்றேன். அவர் போகிற துக்கம் ஒரு பக்கம். நான் சொன்ன வார்த்தை ஒரு பக்கம். ரயிலில் திரும்பும்போது இரண்டாவதுதான் அதிகமாக அறுத்தது.

அதன் பிறகு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. நடேசனுக்குக் கல்யாணமாகிவிட்டதென்று வேறொருவர் எழுதித் தெரிந்தது. பாக்கியத்துக்கு இங்கேயே பட்டறை மனிதர்களில் யாரையாவது பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். பார்க்கட்டும். இந்த ஒரு வருஷத்தில் அந்த மத்தியானத்தைப் பற்றி நானும் அவளும் ஒரு பேச்சும் பேசவில்லை. அவள் வழக்கம்போல் மணல் நிரப்புகிறாள், ஜாடியைக் கழுவுகிறாள், என்னை "அம்மா" என்று கூப்பிடுகிறாள். ஆனால் நான் பக்கத்தில் வேகமாகக் கையைத் தூக்கினால் அவள் கண் மூடிக்கொள்கிறது. ஜன்னல் சாத்தக் கை தூக்கினாலும் அப்படித்தான்.

அண்ணன் என் கடிதத்தைப் பிரிப்பதில்லை. ஆனால் இந்தப் பத்திரிகையை முதல் இதழிலிருந்து சந்தா கட்டி வாங்குகிறவர், ஊறுகாய்க் குறிப்பைக்கூட விடமாட்டார். அதனால்தான் காப்பியோடு சேர்த்து இத்தனையும் எழுதினேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு யோசனை வந்தது. பாக்கியத்துக்குத் தமிழ் படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் பர்மீயமும் இங்கிலீஷும் படித்தாள், தமிழ் வீட்டில் கற்றுக்கொள்ளலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ஊர் உலகமெல்லாம் படிக்கப்போவதை அவள் மட்டும் அறியமாட்டாள். இன்று மாலை மணி அடிப்பதற்கு முன் அவளை உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அண்ணனைப் பற்றி வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். மா மியா வந்த இடத்தில் எழுந்துபோய் வாசலில் நின்றாள், பிறகு வந்து உட்கார்ந்தாள். துறையில் நான் சொன்னதை வாசித்தபோது அவள் நிமிர்ந்து, "நான் தெரிஞ்சுதான் செஞ்சேன் அம்மா" என்றாள்.

"தெரியும்டி" என்றேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு சொன்னேன்.

அவள் அப்புறம் காகிதத்தைத் தொட்டுக் காட்டி, "இதுல நீ என்னை அடிச்சது வருதில்ல? அத மட்டும் எடுத்துரு அம்மா. மாமா படிச்சா உன்னைத் தப்பா நெனைப்பாங்க" என்றாள்.

நான் எடுக்கவில்லை. அண்ணே, அடுப்பை மூட்டினவள் நான். பிள்ளையை அடித்தவளும் நான். அவள் தெரிந்தேதான் தீயை அணைத்தாள்.